நேற்றிரவு கெட்டியாக நின்ற சாக்லேட் பை, காலையில் ஓடுகிறது. ஏன்?

புதுஅடுப்பு | ஞாயிறு, காலை 8.10

வணக்கம். யாராவது எனக்கு ஆறுதல் சொல்லுங்கள், அல்லது காரணம் சொல்லுங்கள். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் காரணமே போதும்.

நேற்று மாலை வாழ்க்கையில் முதன்முறையாகச் சாக்லேட் பை செய்தேன். (தோளில் மாட்டுகிற பை இல்லை, ஓட்டுக்குள் பூரணம் ஊற்றிச் செய்கிற இனிப்பு. "சாக்லேட் பை செய்யப்போகிறேன்" என்று அப்பாவிடம் சொன்னதற்கு, "உனக்குத் தைக்கத் தெரியுமா?" என்று கேட்டார்.) பிஸ்கட்டைப் பொடித்து, உருக்கிய வெண்ணெயில் பிசறி, 23 சென்டிமீட்டர் தட்டில் அழுத்தி, ஓவனில் 10 நிமிடம் வைத்து எடுத்தேன். அதில் குறை இல்லை.

பூரணத்துக்கு எடுத்துக்கொண்டது: பால் 500 மில்லி, சர்க்கரை 100 கிராம், கார்ன்ஃப்ளோர் 30 கிராம், கோகோ பவுடர் 20 கிராம், மஞ்சள் கரு 4, டார்க் சாக்லேட் 140 கிராம், வெண்ணெய் 25 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. பாலைச் சூடாக்கி, முட்டைக் கலவையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கி, மறுபடி அடுப்பில் ஏற்றினேன். கரண்டியின் முதுகில் கனமாகப் படியும் பதம் வந்ததும் இறக்கி, சாக்லேட்டையும் வெண்ணெயையும் சேர்த்து, அந்தப் பிஸ்கட் ஓட்டில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன்.

இரவு 10 மணிக்கு விரலால் தொட்டுப் பார்த்தேன். அசையாமல் நின்றது. நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் கத்தியை இறக்கி எடுத்தால், வெட்டிய கோடு என் கண் முன்னாலேயே மூடிக்கொண்டது. முதல் துண்டைத் தூக்கியதும் மிச்சப் பூரணம் அந்த இடத்துக்குப் பாய்ந்து வந்துவிட்டது.

வரும் சனிக்கிழமை அக்காவின் பிறந்தநாள். அதற்குள் திருத்திக்கொள்ள வேண்டும். எங்கே தவறினேன்?

---

பத்துநிமிடம் | ஞாயிறு, காலை 8.25

கார்ன்ஃப்ளோர் போதவில்லை. இன்னும் இரண்டு கரண்டி போட்டால் கல்லாக நிற்கும். இதற்கு இவ்வளவு பெரிய கடிதமா?

---

கசப்பு70 | ஞாயிறு, காலை 8.41

இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டால் நிற்கும், ஆனால் பசை தின்கிற மாதிரி இருக்கும். வாயில் வைத்தால் முதலில் மாவு தெரியும், பிறகுதான் சாக்லேட் வரும். அது தண்டனை.

சூடாக இருக்கும்போதே மூடி போட்டு வைத்தீர்களா? மூடியில் படியும் ஆவி நீராகித் திரும்பப் பூரணத்தில் சொட்டும்.

---

தராசு | ஞாயிறு, காலை 9.30

தீர்ப்புக்கு முன் விசாரணை. நான்கு கேள்விகள்.

கார்ன்ஃப்ளோரை எடை போட்டீர்களா, கரண்டியால் அளந்தீர்களா? அது தூய வெள்ளையா, இளமஞ்சளா? மஞ்சள் கருவைச் சேர்த்துத் திரும்ப அடுப்பில் ஏற்றிய பிறகு கலவை ஒருமுறையாவது குமிழியிட்டதா? ருசி பார்த்த கரண்டியைத் திரும்ப உள்ளே விட்டீர்களா?

இரண்டாவது கேள்வியின் காரணத்தை மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். "சோள மாவு" என்று எழுதினால் அது மூன்று பொருளைக் குறிக்கும்: வெள்ளைச் சோளத்தை அரைத்த மாவு, மக்காச்சோளத்தை முழுதாக அரைத்த மஞ்சள் மாவு, மக்காச்சோளத்திலிருந்து பிரித்தெடுத்த வெறும் மாவுச்சத்து. பைக்கு வேண்டியது மூன்றாவது. அமெரிக்கர்கள் அதைக் கார்ன்ஸ்டார்ச் என்கிறார்கள். பிரிட்டிஷ் வழக்கில் கார்ன்ஃப்ளோர். அமெரிக்கக் குறிப்பில் கார்ன்ஃப்ளோர் என்று இருந்தாலோ அது மஞ்சள் மாவு! ஒரே சொல்லை நம்பிக் கெட்டவர்கள் ஏராளம். இரண்டு விரல்களுக்கு இடையில் வைத்து அழுத்திப் பாருங்கள். கறுக் கறுக் என்று சத்தம் போட்டால் அது மாவுச்சத்து.

---

புதுஅடுப்பு | ஞாயிறு, காலை 9.52

எடை போட்டேன், சரியாக 30 கிராம். தூய வெள்ளை, இப்போதுதான் போய் அழுத்திப் பார்த்தேன், சத்தம் வருகிறது. குமிழி வரவில்லை, வரவும் விடவில்லை. "முட்டை சேர்த்தபின் எக்காரணம் கொண்டும் கொதிக்க விடாதீர்கள், திரிந்துவிடும்" என்று நான் பார்த்த குறிப்பில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

நான்காவது கேள்விக்குப் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஐந்து முறை. ஒரே கரண்டி.

---

தராசு | ஞாயிறு, காலை 10.40

குற்றவாளி அகப்பட்டான். தடித்த எழுத்துதான் அவன்.

கார்ன்ஃப்ளோரின் நுண்மணிகள் சூட்டில் தண்ணீரைக் குடித்து உப்புகின்றன. உப்பி, நீண்ட இழைகளை வெளியே விடுகின்றன. ஆறும்போது அந்த இழைகள் ஒன்றோடொன்று பின்னி, பாலையும் சாக்லேட்டையும் வலைபோட்டுப் பிடித்துக்கொள்கின்றன. நீங்கள் இரவு 10 மணிக்குத் தொட்டுப் பார்த்தது அந்த வலையைத்தான். அதில் பொய் இல்லை.

ஆனால் மஞ்சள் கருவுக்குள் அமைலேஸ் என்கிற நொதி இருக்கிறது. மாவுச்சத்து இழைகளைத் துண்டு துண்டாக நறுக்குவதே அதன் தொழில். சாதாரணச் சூட்டில் அது மடியாது. கொதிநிலை வரைக்கும் போனால்தான் அடங்கும். நீங்கள் 80 டிகிரியைத் தாண்டியதும் பதம் வந்துவிட்டதென்று இறக்கியிருப்பீர்கள். பூரணம் கெட்டியாகிவிட்டது, நொதியோ உயிரோடு உள்ளே போய்விட்டது. இரவு முழுக்க உட்கார்ந்து வலையை அறுத்திருக்கிறது. அதனால்தான் மாலையில் நின்றது காலையில் ஓடுகிறது. மாவு குறைந்திருந்தால் மாலையிலேயே ஓடியிருக்கும், பத்துநிமிடம் அவர்களே.

ருசிக் கரண்டியும் இதே வழக்கில் கூட்டாளி. நம் எச்சிலிலும் அமைலேஸ் உண்டு. கொதிக்கும்போது ருசி பார்த்தால் சூடு அதைக் கொன்றுவிடும். இறக்கிய பிறகு, ஆறிக்கொண்டிருக்கும் பூரணத்தில் நக்கிய கரண்டியை விட்டால் அது தன் வேலையைத் தொடங்கிவிடும். ஐந்து முறை பார்க்க வேண்டியிருந்தால் ஐந்து கரண்டிகள் வைத்துக்கொள்ளுங்கள்.

---

ஈரக்கரண்டி | ஞாயிறு, காலை 11.15

மன்னிக்கவும், நம்ப முடியவில்லை. இருபது ஆண்டுகளாகக் கஸ்டர்ட் செய்கிறேன். மஞ்சள் கருவைக் கொதிக்க விட்டால் பொரித்த முட்டைத் துணுக்குகள்தான் மிஞ்சும். என் கைக்கு அது தெரியும்.

---

தராசு | ஞாயிறு, காலை 11.22

உங்கள் கஸ்டர்டில் கார்ன்ஃப்ளோர் உண்டா?

---

ஈரக்கரண்டி | ஞாயிறு, காலை 11.30

இல்லை. பால், மஞ்சள் கரு, சர்க்கரை. அவ்வளவுதான்.

---

தராசு | ஞாயிறு, காலை 11.48

அப்படியானால் உங்கள் கை சொல்வது முழுக்க உண்மை. வெறும் முட்டைக் கஸ்டர்டைக் கொதிக்க விடவே கூடாது. அதில் கெட்டியாக்குவது முட்டையின் புரதம் மட்டும். 85 டிகிரியைத் தாண்டினால் அது திரண்டு நீரைக் கக்கிவிடும். நறுக்குவதற்கு மாவுச்சத்தே இல்லாததால் நொதியைப் பற்றிக் கவலையும் இல்லை.

மாவுச்சத்து சேர்ந்த கஸ்டர்ட் வேறு சாதி. உப்பிய மணிகள் புரதங்களுக்கு நடுவே புகுந்துகொண்டு அவற்றைத் திரளவிடாமல் தடுக்கின்றன. அதனால் அதைக் கொதிக்க வைக்கலாம், வைத்தே ஆக வேண்டும். இரண்டுக்கும் ஒரே எச்சரிக்கையை வெட்டி ஒட்டியவர் யாரோ, புதுஅடுப்பின் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துவிட்டார்.

---

மாவுக்கை | ஞாயிறு, பிற்பகல் 2.05

இப்போதுதான் பார்த்தேன். புதுஅடுப்புத் தம்பி, நொதி, இழை எல்லாம் தராசு சொன்னபடியே இருக்கட்டும். அடுப்பு முன்னால் நிற்கும்போது கண்ணும் காதும் என்ன பார்க்க வேண்டும் என்று நான் சொல்கிறேன்.

அடி கனமான பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை, கார்ன்ஃப்ளோர், கோகோ, உப்பு நான்கையும் உலர்ந்த நிலையிலேயே கம்பிக் கலக்கியால் கலந்துவிடுங்கள். சர்க்கரை நடுவில் நின்றால் மாவு கட்டி தட்டாது. பிறகு குளிர்ந்த பாலில் கால் பங்கை ஊற்றிக் குழையுங்கள், மஞ்சள் கருவைச் சேருங்கள். மீதிப் பாலை மட்டும் தனியாகச் சூடாக்கி, ஆவி பறக்கும்போது மெல்லிய தாரையாக இதில் ஊற்றுங்கள். ஒரு கை ஊற்ற, மறு கை நிற்காமல் கலக்க வேண்டும்.

எல்லாவற்றையும் அடுப்பில் ஏற்றி மிதமான தீயில் கிளறுங்கள். சில நிமிடம் ஒன்றுமே நடக்காது. சலிப்பில் தீயைக் கூட்டாதீர்கள். திடீரென்று அடியில் ஒரு கனம் தெரியும், கரண்டி இழுபடும். நீங்கள் நேற்று இறக்கிய இடம் அதுதான். அங்கிருந்துதான் வேலையே தொடங்குகிறது. கம்பிக் கலக்கியை வைத்துவிட்டு, பாத்திரத்தின் மூலைகளைத் துடைக்கிற மாதிரி தட்டைக் கரண்டியால் கிளறுங்கள். அடி பிடிப்பது மூலையில்தான். இரண்டு மூன்று நொடி கிளறுவதை நிறுத்திப் பார்த்தால் நடுவில் பெரிய குமிழி ஒன்று "பொளக்" என்று வெடிக்கும். கையில் தெறித்தால் சுடும், நீளக் கரண்டி நல்லது. அந்த முதல் குமிழியிலிருந்து கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம். கையை நிறுத்தக் கூடாது.

இறக்கியதும் நறுக்கிய சாக்லேட்டையும் வெண்ணெயையும் போட்டு, அந்தச் சூட்டிலேயே கரைய விடுங்கள். கம்பி வலையில் வடிகட்டி ஓட்டில் ஊற்றுங்கள். வெந்த முட்டைத் துணுக்கு ஒன்றிரண்டு இருந்தாலும் வலையில் நின்றுவிடும். யாருக்கும் சொல்ல வேண்டாம்.

ஊற்றியவுடன் மேற்பரப்பில் ஒட்டும்படி பிளாஸ்டிக் தாளைப் போர்த்துங்கள். இடையில் காற்று இருந்தால் ஆடை படியும். தாள் பூரணத்தோடு ஒட்டியே கிடப்பதால், கசப்பு70 சொன்ன ஆவி நீரும் வராது. 6 மணி நேரம் ஃபிரிட்ஜ். ஆறிக்கொண்டிருக்கும்போது "பார்ப்போமே" என்று கிளறிவிடாதீர்கள். உடைந்த பதம் திரும்ப ஒட்டாது.

---

புதுஅடுப்பு | ஞாயிறு, பிற்பகல் 2.30

மிக்க நன்றி, அக்கா. இப்போது என்னிடம் இருக்கிற முக்கால் தட்டுச் சாக்லேட் குளத்தை என்ன செய்வது?

---

மாவுக்கை | ஞாயிறு, பிற்பகல் 2.44

வழித்தெடுத்து, 15 கிராம் கார்ன்ஃப்ளோரைக் குளிர்ந்த பாலில் கரைத்துச் சேர்த்து, இரண்டு நிமிடம் கொதிக்க விட்டால் மறுபடி நிற்கும். கிண்ணங்களில் ஊற்றிச் சாப்பிடுங்கள். ஓடு இந்நேரம் ஊறிப்போயிருக்கும், அதைக் காப்பாற்ற நினைக்காதீர்கள்.

---

பத்துநிமிடம் | ஞாயிறு, பிற்பகல் 3.00

அல்லது ஐஸ்கிரீம் மேலே ஊற்றிக்கொண்டு, முதலிலிருந்தே சாஸ்தான் செய்தேன் என்று சொல்லிவிடுங்கள். நான் அப்படித்தான் வாழ்கிறேன்.

---

முட்டையின்றி | ஞாயிறு, மாலை 6.18

குறுக்கே வருகிறேன். மஞ்சள் கருதான் இத்தனை சண்டைக்கும் காரணம் என்றால் அதை விட்டுவிடுவதுதானே? எங்கள் வீட்டில் முட்டை இல்லை. அதே 500 மில்லி பாலுக்கு 40 கிராம் கார்ன்ஃப்ளோர், சாக்லேட் அதே 140 கிராம். நொதியே கிடையாது. சுத்தமாக நிற்கும். கொதிப்பது மட்டும் அவசியம், இல்லையென்றால் பச்சை மாவு வாடை போகாது.

---

கசப்பு70 | ஞாயிறு, மாலை 6.50

நிற்கும், ஒப்புக்கொள்கிறேன். நாக்கில் அந்த வழவழப்பு வராது. மஞ்சள் கருவின் கொழுப்பும் லெசித்தினும் தருவது அது.

முட்டையில்லாமல் வேண்டுமென்றால் மாவையும் சேர்த்து விட்டுவிடுங்கள் என்பேன். டார்க் சாக்லேட் 300 கிராம், கொழுப்பு மிகுந்த கிரீம் 300 மில்லி, வெண்ணெய் 30 கிராம். கிரீமைக் கொதி வரும்வரை சூடாக்கி நறுக்கிய சாக்லேட் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து வெளியே கலக்க வேண்டும். இதைக் கெட்டியாக நிறுத்துவது சாக்லேட்டுக்குள் இருக்கும் கோகோ வெண்ணெய்தான். அது ஏறக்குறைய 34 டிகிரியில் உருகும், அதாவது நம் உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழே. ஃபிரிட்ஜில் கல், வாயில் நீர். மெல்லிய துண்டாக வெட்டுங்கள், இரண்டாவது துண்டு கேட்பவர்கள் அரிது.

---

முட்டையின்றி | ஞாயிறு, மாலை 7.05

எங்கள் வீட்டுக்காரர்களை நீங்கள் பார்த்ததில்லை.

---

ஈரக்கரண்டி | செவ்வாய், காலை 7.20

தராசுவிடம் வாய் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நேற்று மாலை சோதித்தேன்.

அதே அளவில் பாதிப் பாதியாக இரண்டு பாத்திரங்கள். முதலாவதைக் கெட்டியானதும் குமிழி வருவதற்கு முன்னாலேயே இறக்கினேன். இரண்டாவதைக் குமிழி வந்தபின் இரண்டு நிமிடம் கொதிக்க விட்டேன். முட்டை திரியும் என்று காத்திருந்தேன். திரியவில்லை. மாறாக, கொதித்ததுதான் பளபளவென்று இருந்தது. இறக்கியபோது இரண்டும் ஒரே கெட்டி. நான் சரி, தராசு தவறு என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

இன்று காலை இரண்டு கிண்ணங்களையும் சாய்த்துப் பார்த்தேன். கொதித்தது அசையவில்லை. கொதிக்காதது விளிம்பு வரை வந்து, நான் சுதாரிப்பதற்குள் மேசைத்துணியில் இறங்கிவிட்டது.

கொதித்ததில் ஒரு பங்கைத் தனிக் கிண்ணத்தில் ஊற்றி, வெதுவெதுப்பாக இருக்கும்போது நக்கிய கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கி வைத்திருந்தேன். அதன் மேலே ஒரு சிறு குட்டை தேங்கியிருக்கிறது. அருவருப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

இருபது ஆண்டுகள் சரியாகத்தான் செய்திருக்கிறேன், ஆனால் வேறொன்றை.

---

தராசு | செவ்வாய், காலை 7.41

மேசைத்துணிக்கு என் வருத்தங்கள்.

---

பத்துநிமிடம் | செவ்வாய், காலை 9.10

சரி, பூரணம் முடிந்தது. ஓட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. பிஸ்கட் ஓடு போதும் என்பது என் கட்சி. 200 கிராம் பிஸ்கட், 90 கிராம் வெண்ணெய், ஒரு கரண்டி சர்க்கரை. ஓவன் இல்லாதவர்கள் அப்படியே ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்தாலும் நிற்கும். மாவு பிசைந்து, உருட்டி, ஆற வைத்து, பயறு கொட்டிச் சுட்டு எடுப்பதற்குள் பிறந்தநாள் முடிந்து அடுத்த வயது வந்துவிடும்.

---

மாவுக்கை | செவ்வாய், காலை 11.35

பிஸ்கட் ஓட்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சாக்லேட் இனிப்பு, பிஸ்கட்டும் இனிப்பு, மேலே கிரீமும் இனிப்பு. நாக்கு எங்கே போய் உட்காரும்? மைதா ஓட்டில் உப்பும் வெண்ணெயும் மட்டுமே பேசும். அதற்கு ஒரு மாலைப் பொழுதைக் கொடுக்கலாம்.

மைதா 160 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 110 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, ஐஸ் தண்ணீர் மூன்று நான்கு மேசைக்கரண்டி. வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி விரல் நுனியால் மாவில் தேய்க்க வேண்டும். உள்ளங்கை படக் கூடாது, அதன் சூட்டில் வெண்ணெய் உருகிவிடும். பட்டாணி அளவு கட்டிகள் தெரிந்தால் சரி. ஓவனில் அந்தக் கட்டிகள் உருகி, அவற்றிலிருந்து எழும் ஆவி மாவை அடுக்கடுக்காகத் தூக்கும். தண்ணீரைத் தெளித்துச் சேர்த்துப் பிடியுங்கள், பிசையாதீர்கள். பிசைந்தால் மாவிலுள்ள குளூட்டன் என்கிற புரதம் முறுக்கேறி ஓடு தோல் மாதிரி ஆகிவிடும். ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் ஓய்வு.

தட்டில் விரிக்கும்போது மாவை இழுத்துப் பொருத்தாதீர்கள். இழுத்த மாவு ஓவனில் தன் இடத்துக்கே திரும்பிவிடும். மூலை வரைக்கும் தளர்வாக இறக்கி விடுங்கள், முள்கரண்டியால் அடியில் குத்துங்கள், பட்டர் பேப்பர் போட்டு அதன்மேல் காய்ந்த பயறோ அரிசியோ விளிம்பு வரை கொட்டுங்கள். 200 டிகிரியில் 18 நிமிடம். பிறகு தாளோடு பயறை எடுத்துவிட்டு 190 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம், பொன்னிறம் வரும்வரை. இந்தப் பூரணம் ஓவனுக்குள் போகப்போவதில்லை, ஆகவே ஓடு இப்போதே முழுதாக வெந்துவிட வேண்டும். வெளுப்பாக எடுத்தால் பச்சை மாவைத்தான் பரிமாறுவீர்கள்.

அந்தப் பயறைச் சமைக்க முடியாது. டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டால் அடுத்த ஓட்டுக்கு உதவும். என்னுடையது பதினொரு வயதுப் பயறு.

---

கசப்பு70 | செவ்வாய், பகல் 12.10

எந்த ஓடானாலும் ஊறாமலிருக்க: ஆறிய ஓட்டின் உள்பக்கம் உருக்கிய சாக்லேட்டைத் தூரிகையால் மெல்லியதாகப் பூசி உறைய விடுங்கள். 40 கிராம் போதும். பூரணத்தின் ஈரம் அதைத் தாண்டி ஓட்டுக்குள் போகாது. அடுத்த நாளும் நொறுங்கும்.

---

பத்துநிமிடம் | செவ்வாய், பகல் 12.25

பதினொரு வயதுப் பயறா! அதற்கும் பிறந்தநாள் கொண்டாடுகிறீர்களா?

---

மாவுக்கை | செவ்வாய், பகல் 12.31

உங்களை அழைக்க மாட்டோம்.

---

மட்டுறுத்துனர் | செவ்வாய், பகல் 1.00

ஓட்டுச் சண்டை தொடர்பான ஆறு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பயறின் வயது இங்கே விவாதப் பொருள் அல்ல. சனிக்கிழமைக்குள் ஒருவருக்குப் பை வேண்டும், நினைவிருக்கட்டும்.

---

புதுஅடுப்பு | புதன், இரவு 9.15

பிஸ்கட் ஓட்டோடே நிற்கிறேன், அக்கா கோபிக்காதீர்கள். ஒரே வாரத்தில் இரண்டு புதிய தவறுகளுக்கு எனக்குத் தெம்பில்லை.

இன்னொரு சந்தேகம். கடையில் சாக்லேட்டைத் தேடினால் 55, 70, 85 என்று எண்கள் போட்டிருக்கின்றன. விலை குறைவாகக் "காம்பவுண்ட்" என்று ஒன்றும் இருக்கிறது. எதை வாங்குவது? சாக்லேட்டைத் தனியாக உருக்கிச் சேர்க்கலாமா? போன மாதம் ஒருமுறை உருக்கும்போது இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்து மொத்தமும் சேறு மாதிரி இறுகிவிட்டது.

---

கசப்பு70 | புதன், இரவு 9.48

என் பெயரைப் பார்த்தபிறகும் கேட்கிறீர்களே. ஆனாலும் உங்கள் அளவுக்கு 55 முதல் 65 வரை போதும். அந்த எண், கோகோவிலிருந்து வந்த திடப்பொருளும் கோகோ வெண்ணெயும் சேர்ந்து எத்தனை சதவீதம் என்பது. மிச்சத்தில் பெரும்பகுதி சர்க்கரை. 70க்கு மேல் போனால் சர்க்கரையை 20 கிராம் கூட்டுங்கள். மில்க் சாக்லேட் போடுவதென்றால் 30 கிராம் குறையுங்கள், பூரணம் சற்றுத் தளர்வாக இருக்கும்.

காம்பவுண்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். எளிதாக உருகும், எளிதாக உறையும், ஆனால் வாயில் மெழுகுபோல் ஒட்டிக்கொண்டு நிற்கும். சாக்லேட்டின் பெயரிலேயே ஒரு பலகாரம் செய்துவிட்டு அதில் மிச்சம் பிடிப்பது எனக்குப் புரியாத கணக்கு.

தனியாக உருக்க வேண்டாம். சாக்லேட்டில் இருப்பது கொழுப்பில் மிதக்கும் சர்க்கரைத் துகளும் கோகோத் துகளும். இரண்டு சொட்டுத் தண்ணீர் பட்டால் துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். விசித்திரம் என்னவென்றால், நிறையத் தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது, எல்லாம் சேர்ந்து கரைந்துவிடும். அதனால் சூடான பூரணத்தில் நேராகப் போடுவதே பத்திரம். போன மாதச் சேற்றிலும் கொஞ்சம் சூடான பாலை ஊற்றிக் கலக்கியிருந்தால் சாஸாகப் பிழைத்திருக்கும்.

---

தராசு | புதன், இரவு 10.05

கோகோ பவுடர் பற்றிக் கேட்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே: காரம் (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான காரம்) சேர்த்துப் பதப்படுத்திய டச்சு வகையா, இயல்பான வகையா என்ற கவலை இங்கே வேண்டாம். அது சோடா உப்புச் சேர்க்கும் கேக்குகளுக்கான கவலை. அங்கே புளிப்பும் காரமும் சேர்ந்தால்தான் மாவு எழும்பும். நம் பூரணம் எழும்ப வேண்டியதில்லை. டச்சு வகை நிறம் அடர்ந்து மென்மையாக இருக்கும், மற்றது சற்றே புளித்து நிற்கும். கோகோ பவுடர் நமக்குக் கிடைப்பதே, கோகோ கொட்டையிலிருந்து வெண்ணெயைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு 1828 இல் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பம் காப்புரிமை பெற்றதிலிருந்துதான். பிழிந்த பிறகு மிஞ்சும் பிண்ணாக்குதான் பவுடர்.

---

முட்டையின்றி | வியாழன், காலை 8.30

தோழி ஒருத்தி "பிரெஞ்சு சில்க் பை" செய், அடுப்பே வேண்டாம் என்கிறாள். அது என்ன?

---

தராசு | வியாழன், காலை 8.55

பெயரில்தான் பிரான்ஸ். பிறப்பு அமெரிக்கா, 1951 இல் பில்ஸ்பரி நிறுவனம் நடத்திய பேக்கிங் போட்டியில் பரிசு வாங்கிப் பிரபலமானது. வெண்ணெயும் சர்க்கரையும் சாக்லேட்டும் சேர்த்து, முட்டையை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி நெடுநேரம் அடிப்பது. பட்டுப்போல வரும், அதனால்தான் சில்க். உங்களுக்கு ஆகாது, முட்டை பச்சையாகவே உள்ளே இருக்கும். முட்டை சாப்பிடுகிறவர்களும் சால்மொனெல்லா கிருமி பற்றிய பயம் இருந்தால், முட்டையையும் சர்க்கரையையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து 71 டிகிரி வரும்வரை அடித்துச் சூடாக்கி, ஆற வைத்துச் சேர்ப்பது நல்லது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் பச்சையாகக் கொடுக்கவே வேண்டாம்.

---

ஈரக்கரண்டி | வியாழன், மாலை 5.40

புதுஅடுப்புக்கு ஒரு சிறு எச்சரிக்கை. இருபது ஆண்டு அனுபவத்தில் இதுவாவது பயன்படட்டும். முன்கூட்டியே செய்து ஃபிரீசரில் வைக்க நினைக்காதீர்கள். கார்ன்ஃப்ளோர் போட்ட பூரணம் உறைந்து உருகினால் நீரைக் கக்கும், பஞ்சு மாதிரி ஆகிவிடும். வெள்ளி இரவு செய்து சனியன்று வெட்டுவதே சரி. ஃபிரிட்ஜில் மூன்று நாள் வரை இருக்கும். மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், பாலும் முட்டையும் இருக்கின்றன. கிரீமைப் பரிமாறுவதற்குச் சற்று முன்னால் அடித்து மேலே வையுங்கள்.

---

புதுஅடுப்பு | வெள்ளி, இரவு 11.20

ஊற்றியாயிற்று. முதல் "பொளக்" வந்தபோது கை நடுங்கியது, உண்மையாகவே திரிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். கடிகாரத்தில் இரண்டு நிமிடம் என்பது இவ்வளவு நீளம் என்று இதற்குமுன் தெரியாது. திரியவில்லை. ஆறு கரண்டிகள் கழுவக் கிடக்கின்றன.

விரலால் தொட்டுப் பார்க்கவில்லை. போன வாரம் அந்த விரல்தான் என்னை ஏமாற்றியது.

---

புதுஅடுப்பு | சனி, இரவு 10.35

கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து இறக்கினேன். எடுத்தேன். வெட்டிய கோடு மூடிக்கொள்ளவில்லை. அப்படியே நின்றது. அக்கா பாட்டை முடிக்கச் சொல்லிக் கத்தும்வரை அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் துண்டு மட்டும் தட்டோடு ஒட்டிக்கொண்டு வராமல் அடம் பிடித்தது. ஓட்டை ரொம்பவும் அழுத்திவிட்டேன் போலிருக்கிறது. அப்பா இரண்டாவது துண்டு கேட்டார், "இந்தப் பையில் இன்னும் இடம் இருக்கிறது" என்று வயிற்றைத் தட்டிக் காட்டி.

---

மாவுக்கை | சனி, இரவு 10.50

நன்றாக இருங்கள், தம்பி. அக்காவுக்கு என் வாழ்த்து. அடுத்த முறை வெட்டும் முன் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைத் தட்டின் அடியில் அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். ஓட்டிலுள்ள வெண்ணெய் இளகி, துண்டு தானாக விடுபடும். ஓட்டை அழுத்தும்போது ஓரத்தைத் தட்டையான டம்ளரால் இறுக்குங்கள், அடியை லேசாக விட்டுவிடுங்கள்.

---

புதுஅடுப்பு | சனி, இரவு 11.02

குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று: நேற்றைய பையில் மிஞ்சிய வெள்ளைக் கரு ஒரு டப்பாவில் இருக்கிறது. போன வாரத்து வெள்ளைக் கருவும் ஃபிரீசரில் கிடக்கிறது. மெரிங்கு (வெள்ளைக் கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துச் செய்வது) செய்யலாமா? சர்க்கரை எவ்வளவு?

---

தராசு | சனி, இரவு 11.04

வெள்ளைக் கருவை எடை போட்டீர்களா?